நாற்காலியை விட்டு எழுந்தவர்

மதுரையில் டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தைச் சொன்னால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒவ்வொன்று நினைவுக்கு வரும். எண்பதைத் தாண்டியவர்களுக்கு அது பஸ். அறுபதுகளில் இருப்பவர்களுக்கு மாமாவோ சித்தப்பாவோ பார்த்த வேலை, குடியிருந்த டி.வி.எஸ். நகர், படித்த பள்ளிக்கூடம். அவர்களுக்கும் இளையவர்களுக்குப் பால் கேனும் உர மூட்டையும் ஏற்றிக்கொண்டு வரப்போரம் போகும் மொபெட். அந்த எழுத்துகளுக்கு உரியவர் டி. வி. சுந்தரம் அய்யங்கார். 1877 மார்ச் 22ஆம் நாள் நெல்லைச் சீமைத் திருக்குறுங்குடியில் பிறந்தார். 2027 மார்ச்சில் அவர் பிறந்து 150 ஆண்டு நிறைகிறது.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் பஸ்ஸிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் அவர் கடைசியாகச் செய்த காரியத்திலிருந்து தொடங்குகிறேன். தான் உயிரோடு இருக்கும்போதே நிர்வாகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். கேட்பதற்கு எளிது. நம் ஊர்க் கடைவீதிகளில் நாலு வீட்டை விசாரித்துப் பாருங்கள். எழுபது வயது முதலாளி கல்லாச் சாவியை இடுப்பிலேயே முடிந்து வைத்திருப்பார். ஐம்பது வயது மகன் ஒரு பில்லில் கையெழுத்துப் போட அப்பா முகத்தைப் பார்ப்பான். பெரியவர் கண்ணை மூடிய மறுமாதம் பங்காளிகள் வக்கீல் வீட்டுத் திண்ணையில் நிற்பார்கள். நிறுவனம் கட்டிய பெரியவர்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. கட்டியதிலிருந்து எழுந்துபோகத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அந்தக் குறைவானவர்களில் முன்வரிசையில் நிற்பவர் இவர் என்பது என் தீர்மானமான கருத்து. ஒரு விழா மலரில் இதைத்தான் முதலில் பதிவுசெய்ய வேண்டும்.

திருக்குறுங்குடி நம்பிராயர் குடிகொண்ட திவ்விய தேசம். அங்கே பிறந்த பிள்ளை வக்கீலாக வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. சுந்தரம் அய்யங்கார் வக்கீலாகவும் ஆனார். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார், அதன்பின் வங்கியில். மாதச் சம்பளம் தரும் கௌரவமான உத்தியோகங்கள் அவை. அவற்றை விட்டுவிட்டு, முப்பது வயதைத் தாண்டிய பிறகு, மனைவி லட்சுமி அம்மாளும் பிள்ளைகளும் இருக்கும் குடும்பஸ்தர், ஆள் ஏற்றும் மோட்டார் வண்டித் தொழிலில் இறங்கினார். அன்றைக்கு மோட்டார் வண்டி என்பது ஜமீன்தார்களும் வெள்ளைக்காரத் துரைமார்களும் வைத்திருக்கும் வேடிக்கைப் பொருள். படித்த அய்யங்கார் வண்டி ஓட்டிப் பிழைப்பதா என்ற பேச்சு அவர் காதில் விழாமலா இருந்திருக்கும்?

நிறுவனம் 1911இல் பிறந்தது. அடுத்த ஆண்டே பஸ் ஓடத் தொடங்கியது. தொடக்கத்தில் அவர் பிடித்த சாலை தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போவது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் அந்தத் தேர்வின் சாமர்த்தியம் புரியும். தஞ்சாவூருக்கு ரயில் வந்து அப்போதே அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. பக்கத்துப் புதுக்கோட்டையோ தனிச் சமஸ்தானம். அங்கே 1929 வரை தண்டவாளம் எட்டிப் பார்க்கவில்லை. தஞ்சாவூரில் ரயிலை விட்டு இறங்குகிற புதுக்கோட்டைக்காரருக்கு மாட்டு வண்டிதான் கதி, இல்லாவிட்டால் ஜட்கா. ரயில் நின்றுபோகும் இடத்தில் நம் வேலை தொடங்குகிறது என்று கண்டுகொள்ள, ரயில்வேயில் இருந்து பார்த்த கண் வேண்டும்.

ரயில்வேயிலிருந்து அவர் கொண்டுவந்த பெரிய சரக்கு கால அட்டவணை. இதுவும் என் ஊகம்தான், ஆனால் உறுதியான ஊகம். சாலையில் ஓடிய வண்டிகளுக்கு அதுவரை நேரம் என்ற ஒன்றே கிடையாது. ஆள் சேர்ந்தால் கிளம்பும். ஜட்காக்காரர் நாலு பேர் ஏறும்வரை கூவிக்கொண்டிருப்பார்; ஆரம்பகாலப் பஸ்காரர்களும் அதையே செய்தார்கள். முதலில் ஏறி உட்கார்ந்தவர் கடைசி ஆளுக்காக வெயிலில் வெந்துகொண்டிருக்க வேண்டும். டி.வி.எஸ். வண்டி ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாலும் குறித்த நேரத்துக்குக் கிளம்பிவிடும் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். வண்டி ஊர் எல்லையைத் தாண்டும்போது கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்களாம். காலி வண்டி ஓட்டினால் அன்றைக்கு நஷ்டம். ஆனால், "ஆறரை வண்டி ஆறரைக்கு வந்துரும்" என்று கிராமத்து ஜனங்கள் ஒருதடவை நம்பிவிட்டால், மறுமாதம் ஆறு இருபதுக்கே ரோட்டோரம் மூட்டை முடிச்சோடு வந்து நிற்பார்கள். அந்த நம்பிக்கைதான் அவர் போட்ட முதல்.

நேரத்துக்கு வண்டி ஓட்டுவது வாயால் சொல்கிற காரியமில்லை. இன்றைய சாலைகளில் போகிறவர்களுக்கு அன்றைய சிரமம் தெரியாது. சரளை ரோடு, செம்மண் புழுதி, மழைக்காலத்தில் ஓடைகள் குறுக்கே பாயும். எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி லாட ஆணி. சாலை முழுக்க மாட்டு வண்டிகள். மாட்டுக் குளம்பில் அடித்த லாடத்திலிருந்து ஆணி கழன்று விழும். மோட்டார் டயர் அதன்மேல் ஏறும். நடுக்காட்டில் டயர் வெடித்தால் அட்டவணை அங்கேயே படுத்துவிடும். அதற்காக, வண்டியில் காந்தம் பொருத்திச் சாலையில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கி எடுக்க ஏற்பாடு செய்தார் என்பது டி.வி.எஸ். பற்றிச் சொல்லப்படும் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது. டயரைத் திட்டலாம், ரோடு போட்ட சர்க்காரைத் திட்டலாம், மாட்டு வண்டிக்காரரைத் திட்டலாம். அவர் ஆணியைப் பொறுக்கினார். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் தொழிற்சாலை, உதிரி பாகங்களுக்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், வண்டி விற்பனைக்குச் சுந்தரம் மோட்டார்ஸ் என்று பின்னால் வந்த ஒவ்வொன்றும் இதே வழியில் பிறந்தவைதான்: பஸ் நேரத்துக்குப் போக எது தடையோ அதைத் தானே கையில் எடுத்துக்கொள்வது.

திருக்குறுங்குடியில் கைசிக ஏகாதசிக்கு நம்பாடுவான் கதையை நாடகமாக நடத்துவார்கள். நம்பியைப் பாடப் போகும் பாணனை வழியில் பிரம்மராட்சசன் மறிக்கிறான். "பாடிவிட்டு வந்து உனக்கு இரையாகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவன், பாடி முடித்ததும் சொன்னபடியே திரும்பி வந்து நிற்கிறான். அந்த ஊர்ப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே கேட்டு வளரும் கதை இது. கொடுத்த வாக்கைக் காப்பதற்குச் சுந்தரம் அய்யங்கார் வேறு பாடப் புத்தகம் தேடியிருக்க வேண்டியதில்லை.

மதுரைதான் அவருக்கு வாழ்க்கைப்பட்ட ஊராயிற்று. மேல வெளி வீதியில் தலைமை அலுவலகம் அமைந்தது. சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பஸ்களும் லாரிகளும் தெற்குச் சீமையெங்கும் ஓடின. 1950களில் இந்தியாவில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் மிகப் பெரிய விநியோகஸ்தர் இவர்கள்தான்.

நடுவில் வந்த சோதனையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பஸ் முதலாளிகள் பலர் வண்டிகளைக் கொட்டகையில் நிறுத்திவிட்டார்கள். டி.வி.எஸ். அப்போது சொந்தமாகக் கரிவாயுக் கலன் செய்தது, 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்று அதற்குப் பெயர். வண்டியின் பின்புறம் ஆளுயரத்துக்கு ஒரு இரும்பு உருளை. அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, காற்றைக் குறைத்து விட்டால், கரி முழுதாக எரியாமல் எரியக்கூடிய வாயுவாகும். அதை வடிகட்டிக் குளிரவைத்து எஞ்சினுக்குள் செலுத்த வேண்டும். விடியற்காலையில் கிளீனர் எழுந்து ஊதுவிசிறியின் கைப்பிடியை விடாமல் சுற்றுவார். வாயு சரியாக வந்த பிறகுதான் டிரைவர் ஏறி உட்காருவார். பெட்ரோலின் வலு இதற்குக் கிடையாது. ஏற்றம் வந்தால் வண்டி மூச்சு வாங்கும், ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். வெள்ளை வேட்டியில் ஏறியவர் கரித்தூளோடு இறங்குவார். "கரி வண்டி" என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். கேலிப் பெயர்போல் தோன்றினாலும், அந்தக் கரி வண்டி இல்லையென்றால் தெற்கே பாதி ஊர்களில் சந்தையும் வைத்தியமும் கல்யாணமும் தடைப்பட்டிருக்கும். இறக்குமதி வண்டியையும் இறக்குமதி எண்ணெயையும் நம்பி நடந்த ஒரு தொழில், உள்ளூர்ப் பட்டறையில் இரும்பை வளைத்து, காட்டுக் கரியில் ஓடக் கற்றுக்கொண்டது அந்த ஆண்டுகளில். பின்னாளில் சென்னையை அடுத்த பாடியில் எழுந்த தொழிற்சாலைகளுக்கு அஸ்திவாரம் அந்தப் பட்டறைதான் என்று நான் கருதுகிறேன்.

பிள்ளைகள் தகப்பனாரோடு சேர்ந்து தொழிலைக் கற்றவர்கள். ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா என்ற நால்வரின் கிளைகளாகத்தான் குடும்பம் பின்னர் விரிந்தது. ஒருவர் துறையில் மற்றவர் தலையிடாமல் நடந்துகொண்டார்கள். இப்படி ஒரு பழக்கம் வீட்டில் படிய வேண்டுமானால், உச்சியில் இருக்கும் தகப்பனார் முதலில் அதைக் கடைப்பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1954இல் சந்தானம் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். செலுத்திய மூலதனம் இரண்டு லட்சம் ரூபாய். லாரி, பஸ் வாங்க நினைப்பவருக்குத் தவணைக் கடன் கொடுப்பது வேலை. வண்டி ஓட்டுவதிலும் விற்பதிலும் வளர்ந்த குடும்பத்துக்கு வட்டித் தொழில் புதிது. பெரியவர் அப்போது உயிரோடு இருக்கிறார். மகன் வேறு ஊரில், வேறு தொழிலில், தன் பொறுப்பில் கடை விரிக்கிறார். பிள்ளையைப் பிள்ளையாகவே வைத்திருக்க விரும்பும் முதலாளியின் வீட்டில் இது நடக்காது.

தகப்பனாராக அவரைப் பற்றிப் பேசும்போது மகள் சௌந்தரத்தை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. 1904இல் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி சிறுவயதிலேயே மணம் செய்துகொடுத்தார்கள். கணவர் மருத்துவர். 1925இல் அவர் இறந்துபோனார். இருபது வயதைச் சற்றே தாண்டிய வைதிகக் குடும்பத்து விதவைக்கு அன்றைய சமூகம் வைத்திருந்த இடம் வீட்டின் பின்கட்டு. அந்தப் பெற்றோர் மகளைப் படிக்க அனுப்பினார்கள். டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டராக வெளியே வந்தார். டில்லியில்தான் சுசீலா நய்யாரின் நட்பும், அதன் வழியே காந்தியின் தொடர்பும் கிடைத்தன.

கதை அதோடு நேராகப் போய்விடவில்லை. ஹரிஜன சேவையில் சந்தித்த கேரளத்து ஜி. ராமச்சந்திரனை மணக்க சௌந்தரம் விரும்பினார். மறுமணம், அதுவும் சாதி கடந்து. பெற்றோர் சம்மதிக்கவில்லை. ஓராண்டு இருவரும் பார்க்காமல், கடிதம்கூட எழுதாமல் இருங்கள். அதன் பிறகும் மனம் மாறாவிட்டால் செய்து வைக்கிறேன் என்றார் காந்தி. மனம் மாறவில்லை. 1940 நவம்பர் 7ஆம் நாள் காந்தியின் ஆசியோடு திருமணம் நடந்தது. விழா மலர்களில் பெரியவரின் தயக்கத்தை மறைத்து எழுதுவது உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. மகளைப் படிக்கவைக்கத் துணிந்த மனிதர் மறுமணத்தில் தயங்கினார், மகள் தயங்கவில்லை. தானே முடிவெடுக்கும் தைரியத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது அவர் கொடுத்த படிப்பு என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1955 ஏப்ரல் 28ஆம் நாள் அதிகாலை, கொடைக்கானல் வீட்டில் தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 78. சீனிவாசனின் மகன் வேணு அப்போது இரண்டு வயதுக் குழந்தை. கிருஷ்ணாவின் மகன் சுரேஷ் பதின்பருவத்தைக் கடந்துகொண்டிருந்த இளைஞர்.

அடுத்த பத்தாண்டுக்குள் நடந்தவற்றைப் பட்டியலாகச் சொன்னாலே மூச்சு வாங்கும். 1960இல் வீல்ஸ் இந்தியா, 1961இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962இல் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும். சக்கரம், மின்பாகம், பிரேக்கு என்று ஒரு வண்டிக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு தொழிற்சாலையாக்கினார்கள். சென்னைக்கு வெளியே வயலும் ஏரியுமாகக் கிடந்த பாடி, தொழிற்பேட்டையாக மாறியது.

1972இல் வந்தது பெரிய அடி. அரசு பெரிய பஸ் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கியபோது டி.வி.எஸ். பஸ்களும் போயின. மதுரையில் பாண்டியன் ரோட்வேஸ் பிறந்தது. ஏழை எளியவரின் பயணத்தை அரசு ஏற்றது சரியான காரியம் என்றே நான் நினைக்கிறேன். இன்று மலைக்கிராமத்துக்கும் பஸ் போவது அதனால்தான். ஆனால் குடும்பத்தின் பக்கம் நின்று பாருங்கள். தாத்தா அறுபது ஆண்டுக்கு முன் தொடங்கிய மூலத்தொழில் கைவிட்டுப் போகிறது. பஸ்ஸையே கட்டிக்கொண்டு அழுத குடும்பமாக இருந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். பிள்ளைகள் ஏற்கெனவே வேறு வேறு வயல்களில் விதைத்து அறுவடை செய்துகொண்டிருந்தார்கள். பெரியவர் சரியான காலத்தில் நாற்காலியை விட்டு எழுந்ததன் பலன், அவர் மறைந்து 17 ஆண்டு கழித்து இப்படி வெளிப்பட்டது.

பேரன்கள் காலம் வந்தது. ஒசூரிலிருந்து 1980இல் டி.வி.எஸ். ஃபிப்டி வெளிவந்தது. இரண்டு பேர் உட்காரும் மொபெட் இந்தியாவுக்கு அதுதான் முதல். காய்கறிக்காரர், பால்காரர், கிராமத்து ஆசிரியை என்று, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களின் பிள்ளைகள் அதில் ஏறிப் போனார்கள். சுரேஷ் கிருஷ்ணாவின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், 1990இல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐ.எஸ்.ஓ. 9000 சான்று பெற்றது. பிறகு அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பி, அந்த நிறுவனத்தின் சிறந்த சப்ளையர் விருதைப் பலமுறை வாங்கியது. தாத்தா எந்தக் கம்பெனியின் வண்டியைக் கப்பலில் தருவித்து விற்றாரோ, அந்தக் கம்பெனிக்குப் பேரன் உதிரி பாகம் ஏற்றுமதி செய்தார். ரேடியேட்டர் மூடி சின்னப் பொருள்தான். ஆனால் சொன்ன தேதியில், சொன்ன அளவில், ஒன்றும் பழுதில்லாமல் போய்ச் சேர வேண்டும். ஆறரை வண்டி ஆறரைக்கு என்ற பழைய கணக்குத்தான் அது. 1998இல் வேணு சீனிவாசனின் சுந்தரம் கிளேட்டன், தரத்துக்கான டெமிங் பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனமானது. திருக்குறுங்குடிக் கோயில் திருப்பணியும் இந்தப் பேரன் கையால் நடந்தது.

குடும்பம் நான்காம் தலைமுறைக்கு விரிந்தபோது பாகம் பிரிக்க வேண்டிய நேரமும் வந்தது. 2020 டிசம்பரில் கிளைகள் கூடி உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 2022இல் அது நடைமுறைக்கு வந்தது. யார் எதை நடத்திவந்தார்களோ அது அவர்களுக்கு. மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் சீனிவாசன் கிளைக்கு, நிதி நிறுவனம் சந்தானம் கிளைக்கு, ஃபாஸ்னர்ஸ் கிருஷ்ணா கிளைக்கு, மதுரையோடு ஒட்டிய வாகன விற்பனை, பராமரிப்பு வேலைகள் ராஜம் கிளைக்கு. நூறாண்டு கண்ட ஒரு தொழில் குடும்பம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிரிந்துகொண்டது.

அந்த உடன்படிக்கையில் எந்தக் கிளைக்கும் எழுதி வைக்க முடியாத சொத்து ஒன்று திண்டுக்கல் அருகே இருக்கிறது. சௌந்தரமும் ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டிப் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சிறிய வைத்தியசாலையாக ஆரம்பித்தது கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. கிராமியக் கல்வி நிலையம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. சௌந்தரம் 1952இல் ஆத்தூரிலும் 1957இல் வேடசந்தூரிலும் வென்று சட்டமன்றம் போனார், 1962இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குப் போய் மத்தியக் கல்வித் துணை அமைச்சரும் ஆனார். பத்ம பூஷண் பெற்றார். 1984இல் மறைந்தார். சுந்தரம் அய்யங்காரின் வாழ்க்கையைத் தேடி மதுரைக்கு வருகிறவர்கள் மேல வெளி வீதியோடு திரும்பிவிடுகிறார்கள். திண்டுக்கல் ரோட்டில் இன்னும் ஒரு மணி நேரம் போனால், அவர் படிக்க அனுப்பிய மகள் கட்டிய ஆஸ்பத்திரியில் சுற்றுவட்டக் கிராமத்துப் பெண்கள் கைக்குழந்தைகளோடு வரிசையில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்துவிட்டு வரலாம்.